1.1 – யாருக்கு நார்மல்?

சிறுநீரக மருத்துவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த நற்செய்தி ஒன்று உண்டு. “டாக்டர், சுகர் நல்லா கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு. காலையில முப்பது யூனிட் போட்டுட்டிருந்தேன், இப்ப பன்னெண்டே போதும்னு ஆயிடுச்சு.” சொல்கிறவர் முகத்தில் பூரிப்பு. பாகற்காய்ச் சாறுக்கோ, யாரோ சொன்ன கஷாயத்துக்கோ அந்தப் பெருமை போய்ச் சேர்ந்திருக்கும். கேட்கும் டாக்டருக்குத்தான் திக்கென்றிருக்கும். ஊசியாகப் போடும் இன்சுலினில் கணிசமான பங்கைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால், போட்ட இன்சுலின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். முப்பது யூனிட் செய்த வேலையைப் பன்னிரண்டே செய்துவிடும். சர்க்கரை நோய் அப்படியேதான் இருக்கிறது. கெட்டுப்போக ஆரம்பித்திருப்பது இன்னொன்று.

இன்சுலினாவது இதைக் காட்டிக்கொடுக்கிறது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருப்பது தெரிந்துவிடும். மற்ற மருந்துகள் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபாலின், தசைப் பிடிப்புக்கு எழுதும் பேக்லோஃபென், அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர், இதயத்துக்கான டிஜாக்சின் என எத்தனையோ மருந்துகள் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் உடம்பை விட்டுப் போகின்றன. ரத்தம் உறையாமல் தடுக்கும் டபிகட்ரானில் சுமார் 80 சதவீதம் அந்த வழியில்தான் வெளியேறுகிறது. வழி குறுகினால் மருந்து நாளுக்கு நாள் சேரும். தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு என்று அது வெளிப்படும்போது, “வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு வாரமாகத்தான் இப்படி இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு புது மாத்திரை சேர்ந்தது என்பதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே மருந்து எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இவருடைய சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி வடிகட்டுகிறது? நம் ஊரில் அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், “கிரியேட்டினின் 1.1, நார்மல்தான்.”

அந்தப் பதில் கேள்விக்கான பதிலே இல்லை.

ஒரே ரிப்போர்ட், இரண்டு உடம்பு

கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் தசை அதை ரத்தத்தில் விடுகிறது, சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளுகிறது. ஆக ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது, தசை எவ்வளவு போடுகிறது, சிறுநீரகம் எவ்வளவு எடுக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. லேப் ரிப்போர்ட் நமக்குச் சொல்வது மிச்சத்தை மட்டுமே.

அளக்கும் முறைக்கே வயது நூறைத் தாண்டிவிட்டது. 1886இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கிரியேட்டினினோடு பிக்ரிக் அமிலத்தைச் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் மாறுவதைக் கவனித்தார். அந்த நிறத்தின் அடர்த்தியை அளக்கும் முறையைத்தான், திருத்தங்களோடு, இன்றும் பல லேப்களில் பயன்படுத்துகிறார்கள். மலிவான முறை, பெரும்பாலும் போதுமான முறையும்கூட. ஆனால் மஞ்சள் காமாலை முற்றியவரின் ரத்தத்தில் உள்ள பிலிருபின் இந்த நிறத்தைக் குழப்பி, கிரியேட்டினினைக் குறைத்துக் காட்டக்கூடும். நொதியைக் கொண்டு அளக்கும் புதிய முறையில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

அளவு சரியாகவே வந்ததாக வைத்துக்கொள்வோம். 25 வயது இளைஞர், 70 கிலோ, நன்றாக உடல் உழைப்பவர், கிரியேட்டினின் 1.1. இன்னொருவர் 78 வயதுப் பாட்டி, 42 கிலோ, அவருக்கும் 1.1. இரண்டு ரிப்போர்ட்டிலும் தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. இளைஞரின் தசை நிறைய கழிவைப் போடுகிறது, சிறுநீரகம் அதை வேகமாக எடுக்கிறது. பாட்டிக்குத் தசையே கொஞ்சம்தான். அது போடுகிற அந்தக் கொஞ்சத்தைக்கூட எடுக்க முடியாமல் 1.1 வரை தேங்கியிருக்கிறது. ஒருவருக்கு அந்த எண் ஆரோக்கியம், மற்றவருக்கு எச்சரிக்கை. வேறொரு கோணத்தில் பார்த்தாலும் இதே கதைதான்: வடிகட்டும் திறனில் ஏறக்குறையப் பாதி போகும்வரை கிரியேட்டினின் ‘நார்மல்’ கோட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம்.

மாண்ட்ரியலில் போட்ட கணக்கு

இந்தச் சிக்கலை ஒரு சிறு கணக்கில் அடக்கப் பார்த்தவர்கள் கனடாவின் டொனால்டு காக்கிராஃப்டும் ஹென்றி கால்ட்டும். மாண்ட்ரியலில் போர்வீரர்களுக்கான மருத்துவமனையில் இருந்த 249 நோயாளிகளை வைத்து அவர்கள் உருவாக்கிய சூத்திரம் 1976இல் ‘நெஃப்ரான்’ இதழில் வெளியானது. 140இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். அதை எடையால் பெருக்க வேண்டும். கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி, வந்ததைக் கொண்டு வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் போதும்.

போர்வீரர் மருத்துவமனை என்பதால் அந்த 249 பேரில் கிட்டத்தட்ட எல்லோருமே ஆண்கள். பெண்களுக்கான 0.85, பெண்களை அளந்து பெற்ற எண் அல்ல. தசை குறைவாக இருக்கும் என்ற அனுமானத்தில் வைத்தது. அரை நூற்றாண்டாக உலகத்துப் பெண்களுக்கெல்லாம் அந்த அனுமானத்தில்தான் டோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வேடிக்கை, சிறுநீரகவியலில் தினமும் பெயர் அடிபடும் காக்கிராஃப்ட் பிற்பாடு ஆஸ்துமா ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். நுரையீரல் மருத்துவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்பார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இளைஞருக்கு 115ஐ 70ஆல் பெருக்கினால் 8,050. அதை 79.2ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 102 மில்லி. பாட்டிக்கு 62ஐ 42ஆல் பெருக்கி, 79.2ஆல் வகுத்து, 0.85ஆல் பெருக்கினால் வருவது 28. ரிப்போர்ட்டில் ஒரே எண். சிறுநீரகத்தின் வேகத்தில் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பாட்டிக்கு மூன்று விடை

இத்தோடு முடிந்தால் நிம்மதி. ஆனால் இன்று பெரிய லேப்களின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே ‘இ.ஜி.எஃப்.ஆர்’ (வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) என்று இன்னோர் எண் இருக்கிறது. அது காக்கிராஃப்ட் கணக்கு அல்ல. 1999இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ லீவியின் குழு, 1,628 சிறுநீரக நோயாளிகளின் விவரங்களை வைத்து எம்.டி.ஆர்.டி. என்ற சூத்திரத்தை வெளியிட்டது. 2009இல் அதைவிடத் துல்லியமான சி.கே.டி-எபி வந்தது, 2021இல் அதுவும் திருத்தப்பட்டது. இவற்றில் எடை கிடையாது. வயது, பால், கிரியேட்டினின் இருந்தால் கம்ப்யூட்டரே போட்டுவிடும். லேப்காரருக்கு நோயாளியின் எடை தெரியாது, ஆகவே இது வசதி.

2021 சூத்திரத்தில் அதே பாட்டிக்கு வரும் விடை 51. காக்கிராஃப்ட்டில் 28, இதில் 51!

எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘1.73 சதுர மீட்டருக்கு’ என்று இருக்கும். யாரும் படிப்பதில்லை. 1920களில் அமெரிக்க இளைஞர்களின் சராசரி உடற்பரப்பு அது. எல்லோருடைய சிறுநீரகத்தையும் ஒரே அளவு உடம்பில் வைத்து ஒப்பிடுவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல அது சரி. ஆனால் பாட்டி 148 சென்டிமீட்டர் உயரம் என்றால் அவருடைய உடற்பரப்பு 1.31 சதுர மீட்டர்தான். மாத்திரை போவது அந்த உடம்புக்குள், சராசரி அமெரிக்க இளைஞனின் உடம்புக்குள் அல்ல. திருத்திப் போட்டால் 51 இறங்கி 39 ஆகிறது.

28, 39, 51. ஒரே பாட்டி, ஒரே குப்பி ரத்தம். இதற்கும் டோஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ப்ரீகாபாலினை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கான உச்ச அளவு, சிறுநீரகம் 60க்கு மேல் இருந்தால் 600 மி.கி., 30க்கும் 60க்கும் இடையில் 300, 15க்கும் 30க்கும் இடையில் 150. எந்தக் கணக்கை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து அளவு இரட்டிப்பாகிறது. ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பினால் நான்கு மடங்கு.

புற்றுநோய்க்கான கார்போபிளாட்டின் மருந்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 1989இல் ஹிலரி கால்வர்ட் கொடுத்த சூத்திரப்படி, சிறுநீரகத்தின் வேகத்தோடு 25ஐக் கூட்டி, மருந்து ரத்தத்தில் எட்ட வேண்டிய இலக்கு எண்ணால் பெருக்கினால் வருவதுதான் மில்லிகிராம். இலக்கு 5 என்றால் பாட்டிக்கு 28 கணக்கில் 265 மி.கி., 39இல் 320, 51இல் 380. மற்ற மருந்துகளில் 39ஓ 51ஓ ஒரே படிக்கட்டில் விழுந்துவிடலாம். இதில் கணக்கின் பிழை நேரே ஊசிக்குள் போகிறது. கிரியேட்டினின் அளக்கும் முறையை அமெரிக்க லேப்கள் தரப்படுத்தியபோது, பலருக்குப் பழைய அளவைவிடச் சற்றுக் குறைவான எண் வந்தது. எண் குறைந்தால் கணக்கில் சிறுநீரகம் வேகமாகத் தெரியும், கார்போபிளாட்டின் டோஸ் ஏறிவிடும். சிறுநீரகத்தின் வேகத்தை 125க்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் அறிவுறுத்தியதற்கு இதுதான் காரணம். நோயாளி மாறவில்லை, லேப் மெஷின் மாறியது.

எந்த எண்ணைத்தான் எடுப்பது? நான் விசாரித்துப் புரிந்துகொண்டவரை, ஒரு மருந்தை எந்தக் கணக்கில் பரிசோதித்தார்களோ அந்தக் கணக்கில் டோஸ் பார்ப்பதுதான் நியாயம். டபிகட்ரான், ரிவரோக்ஸபான் போன்றவற்றின் பெரிய ஆய்வுகளில் காக்கிராஃப்ட் கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். எனவே அவற்றுக்கு அது. மெட்ஃபார்மினுக்கு இன்றைய விதி இ.ஜி.எஃப்.ஆரில் எழுதியிருக்கிறது, அதற்கு அது. சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2024 வழிகாட்டுதல் புதிய சூத்திரங்களின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் உடம்பு சராசரியை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால் 1.73ஐ நீக்கிப் பார்க்கச் சொல்கிறது. 42 கிலோ பாட்டிகள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அந்த விதிவிலக்கு நமக்கு விதியாகவே தோன்றுகிறது.

நமக்காக எழுதாத சூத்திரங்கள்

அமெரிக்கச் சூத்திரங்களில் 2021 வரை ஒரு விநோதப் பெருக்கல் இருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் எம்.டி.ஆர்.டி. விடையை 1.21ஆல் பெருக்குவார்கள். அதனால் அவர்களின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் இடம் கிடைக்கத் தாமதமானது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு இனப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சூத்திரங்களில் இந்தியர்களுக்கென்று தனித் திருத்தம் எதுவும் இருந்ததில்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்து மருத்துவர்கள், இன்சுலினோடு பெயரில் மட்டும் ஒத்துப்போகும் ‘இன்யூலின்’ என்ற தாவரச் சர்க்கரையை ரத்தத்தில் செலுத்தி, சிறுநீரகத்தின் உண்மையான வேகத்தை அளந்து பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின் முடிவைத் தலைப்பே சொல்லிவிட்டது: இப்போதுள்ள கிரியேட்டினின் சூத்திரங்கள் இந்தியர்களின் சிறுநீரகத் திறனை மிகைப்படுத்துகின்றன. நமக்குத் தசை குறைவு, உணவில் புரதம் குறைவு, கிரியேட்டினினும் குறைவு; சூத்திரம் அதைச் சிறுநீரகத்தின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்கிறது.

காசநோயில் இளைத்தவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தரும் எத்தம்பூட்டால் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். அது சேர்ந்தால் தாக்குவது பார்வை நரம்பை. சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாமல் போவது முதல் அறிகுறிகளில் ஒன்று. சிறுநீரகம் 30க்குக் கீழே போனவருக்குத் தினசரி டோஸை வாரம் மூன்று நாளாக மாற்ற வேண்டும். ஆனால் 38 கிலோவுக்கு வற்றிய உடம்பில் கிரியேட்டினின் எளிதில் ஏறுவதே இல்லை.

இதற்குச் சோதனையிலேயே ஒரு மாற்று உண்டு. சிஸ்டேட்டின் சி என்ற புரதத்தை உடம்பில் உட்கரு உள்ள எல்லாச் செல்களும் உண்டாக்குகின்றன. தசையை நம்பி அது இல்லை. இளைத்தவர், கால் நீக்கப்பட்டவர், கல்லீரல் சுருங்கியவர், உடற்பயிற்சிக் கூடத்தில் புஜத்தை வளர்த்தவர் எல்லோருக்கும் கிரியேட்டினினைவிட இது நேர்மையான சாட்சி. இரண்டையும் சேர்த்துப் போடும் கணக்குதான் இப்போதைக்கு ஆகத் துல்லியமானது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, உடற்பருமன் ஆகியவை இதையும் குழப்பும். நம் ஊரில் கட்டணம் கிரியேட்டினினைவிடப் பல மடங்கு. எல்லோருக்கும் தேவையில்லை. முடிவு கத்திமுனையில் நிற்பவர்களுக்காவது கேட்டு வாங்க வேண்டும்.

பயந்து குறைத்தாலும் தப்பு

இதுவரை படித்தவர்களுக்கு, சந்தேகம் வந்தால் டோஸைக் குறைத்துவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் ஆளைக் கொல்லும். கடும் தொற்றோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவரின் கிரியேட்டினின் 2.4 என்று இருக்கும். ஆன்டிபயாடிக்கை முதல் நாளே பாதியாக்கிவிடுவார்கள். நீர்ச்சத்து ஏற்றியதும் பலருக்கு இரண்டு நாளில் சிறுநீரகம் தேறிவிடும், கிருமிக்கு மட்டும் பாதி மருந்தே போய்க்கொண்டிருக்கும். விபத்தில் அடிபட்டுத் தீவிர சிகிச்சையில் இருக்கும் இளைஞர்கள் சிலருக்கோ சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக ஓடும். அவர்களுக்கு முழு டோஸே போதாது.

மெட்ஃபார்மின் கதை இதற்கு நல்ல பாடம். 2016 வரை அமெரிக்க விதியில் கணக்கு எதுவும் கிடையாது: ஆணுக்குக் கிரியேட்டினின் 1.5ஐத் தொட்டால் கொடுக்காதே, பெண்ணுக்கு 1.4ஐத் தொட்டால் கொடுக்காதே. அந்த விதிப்படி, 1.5 உள்ள 30 வயதுக் கட்டுமஸ்தான ஆணுக்கு அந்த மலிவான நல்ல மருந்து மறுக்கப்படும், அவருடைய இ.ஜி.எஃப்.ஆர் 60க்கு மேல். நம் பாட்டிக்குத் தடையே இல்லாமல் கிடைக்கும், அவருடையது 51. 2016இல் விதியை இ.ஜி.எஃப்.ஆருக்கு மாற்றினார்கள்: 30க்குக் கீழே கூடாது, 30க்கும் 45க்கும் இடையில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

கணக்கே வேண்டாம் என்னும் நாட்கள்

எல்லாச் சூத்திரங்களுக்கும் ஓர் எழுதாத நிபந்தனை உண்டு: கிரியேட்டினின் ஒரு நிலையில் நிலைத்திருக்க வேண்டும். பஸ் ஸ்ட்ரைக் அறிவித்த அடுத்த நிமிடமே பேருந்து நிலையத்தில் கூட்டம் வழிந்துவிடாது. சேரச் சில மணி நேரம் ஆகும். சிறுநீரகம் இன்று காலை நின்றுபோனாலும் இன்று மதியம் எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் 1.2 என்றுதான் இருக்கும். சூத்திரம் 70 என்று சொல்லும். உண்மை பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அந்த நேரத்தில் படுக்கைக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பை, எந்தச் சூத்திரத்தையும்விடச் சரியாகப் பேசும்.

சிறுநீரகம் இப்படித் திடீரென்று முடங்குவதை வரவழைத்துக்கொள்ள நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கும் கூட்டணி ஒன்று இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், கூடவே நீர் பிரியும் மாத்திரை, முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக். மூன்றும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை மூன்று பக்கமிருந்து அழுத்தும். அதன்மேல் சித்திரை வெயிலும் ஒரு நாள் வாந்தி பேதியும் சேர்ந்தால் போதும். அப்படிப்பட்ட நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது. தானாக நிறுத்துவதும் ஆபத்து, தெரியாமல் தொடர்வதும் ஆபத்து.

இத்தனை சூத்திரம் பேசினாலும், நடைமுறையில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: எடை. ரத்த அழுத்தக் கருவி இல்லாத ஓ.பி. அறையைப் பார்க்க முடியாது. எடை மெஷின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் அறைகள் ஏராளம். மருந்துச் சீட்டில் பெயர், வயது, பால் இருக்கும், எடைக்கான கோடு காலியாக இருக்கும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. அந்த வருகையில் குறிக்கும் ஒரு கிலோ கணக்கும், கடைசிக் கிரியேட்டினினும் டோஸ் எழுதுகிறவரின் மேஜையைச் சென்று சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஆளும் இருக்கிறது. இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஃபார்ம்.டி. படிப்பில் ஆறு ஆண்டு படித்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கரதலப் பாடம். அவர்களை வார்டில் நிறுத்தி, “சார், இந்த டோஸ் இவருக்கு அதிகம்” என்று சொல்ல விட வேண்டும். சொன்னால் காது கொடுக்கவும் வேண்டும். நம் மருத்துவமனைகளின் படிநிலையில் அதுதான் கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

நோயாளியின் பக்கத்தில் செய்ய முடிந்ததும் உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதிவாரியாக வைத்திருங்கள்; தனியான ஒரு 1.1ஐவிட, 0.7, 0.9, 1.1 என்ற வரிசை டாக்டருக்குப் பல மடங்கு செய்தி சொல்லும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம் போயிருந்தபோது எடுத்த சோதனை என்றால் அலகு வேறாக இருக்கும். அங்கே 97 என்று வந்தால் பதற வேண்டாம், 88.4ஆல் வகுத்தால் நம் 1.1தான். முதல் நாள் இரவு பெரிய கறி விருந்து சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள், சமைத்த இறைச்சி தற்காலிகமாகக் கிரியேட்டினினை ஏற்றும். புது மாத்திரை எழுதும்போது, “என் சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அடுத்த சோதனை எப்போது என்பதற்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகளுக்காக ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். காக்கிராஃப்ட் விடை 60க்குக் கீழே இருந்தால் அதைப் பத்தால் வகுக்க வேண்டும். அத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். 50 என்றால் ஐந்து மாதம். 28 என்றால் மூன்று மாதத்துக்குள். இடையில் காய்ச்சலோ பேதியோ வந்து சிறுநீர் குறைந்தால் அந்த மாதக் கணக்கு செல்லாது; அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.